1950களின் சுவிஸ் வாட்ச்: முதலில் டயலைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 1950, 60களில் வந்த சுவிஸ் கைக்கடிகாரங்களில் சேகரிப்பவர்கள் அப்படி என்னத்தைக் காண்கிறார்கள்? முதன்முதலாகப் பழைய ஒமேகா ஒன்றை வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: முதலில் டயல், அடுத்து மெஷின், கேஸ் கடைசியில். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் கேஸைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, டயல் புதிதாக அச்சடித்தது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஏன் இந்த வரிசை என்று சொல்வதற்கு முன், முதல் கேள்விக்கு வருகிறேன். ஒமேகாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் உலகெங்கும் ஏராளமாக விற்ற வாட்ச் அது. உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. போலியும் ரீடயலும் (மறுபடி பூசி அச்சடித்த டயல்) மலிந்திருப்பதும் அதில்தான்.

1939இல் ஒமேகா 30 மி.மீ. விட்டமுள்ள ஒரு மெஷினை வெளியிட்டது. அதன் பெயர் 30டி2. 30 என்ற அளவு தற்செயலாக வந்ததில்லை. சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல், ஜெனீவா வானாய்வு நிலையங்களில் கடிகாரங்களின் துல்லியத்துக்குப் போட்டி நடக்கும். கைக்கடிகாரப் பிரிவில் மெஷினின் விட்டம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். விட்டம் கூடக்கூட, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலையும், சாவி ஏறும் மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளைப் பெட்டியான பேரலையும் பெரிதாக வைக்கலாம். பேலன்ஸ் வீல் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால், கை அசைவில் அதன் ஆட்டம் எளிதில் குலையாது. அதனால் நல்ல கம்பெனிகள் எல்லாம் அந்த வரம்பின் விளிம்புவரை போய்த் தங்கள் மெஷினை வடிவமைத்தன. ஜெனித் கம்பெனியின் 135 என்ற மெஷின் இன்னும் ஒரு படி மேலே போனது. நடுவில் இருக்க வேண்டிய நிமிடச் சக்கரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அங்கே கிடைத்த இடத்தில் பேலன்ஸ் வீலைப் பெரிதாக்கினார்கள். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நூஷாட்டெலில் அதற்கே முதல் பரிசு. ஆனால் ஜெனித் 135 குறைவாகவே தயாரானது. ஒமேகாவின் 30 மி.மீ. குடும்பமோ 1963 வரை சுமார் 30 லட்சம் வந்தது. போட்டிக்கென்று வகுத்த அதே அமைப்பு, பள்ளி ஆசிரியரும் ரயில்வே எழுத்தரும் கட்டும் வாட்சுக்குள்ளும் ஓடியது. இந்தக் காலத்து வாட்ச்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுவே.

பின்மூடியைத் திறந்தால் செம்பொன் நிறத்தில் பூச்சு பூசிய பாலங்கள் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகள்), பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிதானமாக ஆடும் பேலன்ஸ் வீல். மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகக் கேட்கும். அலங்காரம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு திருகின் தலைகூட ஏனோதானோ என்று இருக்காது.

அந்தத் தலைமுறை வாட்ச்களை இன்றும் தினசரி கட்ட முடிவதற்கு வேறு சில காரணங்களும் உண்டு. பேலன்ஸ் வீலின் அச்சு நுனி சுமார் 0.1 மி.மீ. தடிமன்தான். கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். 1930களில் வந்த இன்காபிளாக் என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பு, அந்த நுனி தாங்கும் கல்லை ஒரு சின்ன யாழ் வடிவ ஸ்பிரிங்கில் மிதக்க விட்டது. அடி விழுந்தால் கல் நகர்ந்து கொடுக்கும், நுனி தப்பிக்கும். ஆரம்பக்கால 30டி2 எல்லாவற்றிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெயருக்குப் பின்னால் 'பிசி' என்று சேர்ந்து வந்தால் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு உண்டு என்று பொருள். நிவாராக்ஸ் என்ற கலப்பு உலோகத்தில் செய்த ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸ் வீலோடு சேர்ந்து ஆடும் மெல்லிய சுருள்), வெயில் குளிர் மாறினாலும் ஓட்டத்தை அவ்வளவாக மாற்றாது, காந்தத்துக்கும் ஓரளவு தாங்கும். 1950களில் ஒடியாத கலப்பு உலோக மெயின்ஸ்பிரிங்கும் பரவலானது. அதற்கு முந்தைய நீல எஃகு ஸ்பிரிங் நாளடைவில் தளரும், சில சமயம் முழுச் சாவியில் பட்டென்று ஒடிந்து பல்சக்கரத்தின் பல்லையும் சேர்த்து உடைக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த காலம் 1950கள். முதல் வாட்ச் வாங்குபவர் 1950க்குப் பிந்தையதாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

இனி டயல். மெஷினில் எது தேய்ந்தாலும் மாற்றலாம், கேஸுக்குக்கூட மாற்று தேடலாம். அசல் டயலை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. வாட்சின் விலையில் பெரும்பகுதி அந்த வட்டத் தகட்டில்தான் இருக்கிறது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. நேரில் பார்க்க முடியாவிட்டால், கண்ணாடிப் பிரதிபலிப்பு இல்லாமல் நேர் மேலிருந்து எடுத்த படம் கேளுங்கள்.

எழுத்துகளில் தொடங்குங்கள். சுவிஸ் டயல் தயாரிப்பாளர்கள் செதுக்கிய தகட்டிலிருந்து மையை எடுத்து அச்சிட்டார்கள். எழுத்தின் மூலைகள் கூராக நிற்கும், மை லேசாக மேலெழும்பி இருக்கும். மறுபடி பூசிய டயலில் மை ஓரங்களில் கசிந்து, மூலைகள் மழுங்கி, எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக இராது. அடுத்து நிமிடக் கோடுகள். 5, 10, 15 என்று வரும் கோடுகள் மணிக்குறிகளின் நடுவே நேராகப் போய் முடிகின்றனவா? ஒன்று கால் மி.மீ. விலகி நின்றாலும் சந்தேகப்படுங்கள். ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' அல்லது 'ஸ்விஸ் மேட்' என்று இருக்கும். அது பாதி வெட்டுப்பட்டோ, நிமிடக் கோட்டின் மேல் ஏறியோ இருந்தால் ரீடயல் என்றே கொள்ளலாம்.

மணிக்குறிகள் தனி உலோகத் துண்டுகளாகப் பதித்தவை என்றால் அவற்றின் அடியைப் பாருங்கள். அசலில் பூச்சு சமமாக உள்ளே போய் மறையும். ரீடயலில் குறியைச் சுற்றி வார்னிஷ் தேங்கி, கரை கட்டியதுபோல இருக்கும். சின்ன நொடி வட்டம் உள்ள டயலில் இது இன்னும் எளிது. அந்தக் குழியில் சீடி மாதிரி மிக நுண்ணிய வட்டக் கோடுகள் இருக்கும். மறுபூச்சு பூசினால் அந்தக் கோடுகள் அடைபட்டுப் போகும். மெஷினைக் கேஸிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால், டயலின் விளிம்பில் 3 அல்லது 9 மணிக்கு அருகே அரம் போட்ட சின்னப் பள்ளம் உள்ளதா என்று தேடுங்கள். திசை தெரிவதற்காக ரீடயல் செய்பவர்கள் போடும் அடையாளம் அது.

முட்களும் டயலும் ஒத்துப்போக வேண்டும். டயலில் ஒளிரும் புள்ளிகள் இருந்து முட்களில் ஒளிர்பொருள் இல்லை என்றாலோ, முட்களில் இருந்து டயலில் இல்லை என்றாலோ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். குட்டையாக நின்றால் வேறொரு வாட்சின் முள்.

நம் ஊர்ச் சந்தைக்கென்று ஒரு எச்சரிக்கை. ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பம்பாயில் காலூன்றியவை. அப்பா, தாத்தா காலத்து வாட்ச்கள் இங்கே ஏராளமாகத் தேங்கியிருப்பது அதனால்தான். அந்தக் கையிருப்பை வைத்து, அடர் ஆரஞ்சு, பச்சை, இரு வண்ண டயல்களாக மறுபடி அச்சடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். சில சமயம் உள்ளே இருப்பது வேறு கம்பெனி மெஷின். 1950களின் உயர்தர சுவிஸ் டயல்கள் பெரும்பாலும் வெள்ளி, வெண்மை, கறுப்பு, இளம்பொன் நிறங்களில் வந்தவை. கண்ணைப் பறிக்கும் வண்ணமும் புத்தம் புது வெண்மையும் 70 வயது வாட்சில் இருந்தால் நம்பாதீர்கள். ஓரத்தில் லேசாகப் பழுத்து, இரண்டு மூன்று புள்ளி விழுந்த அசல் டயல் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஈரம் புகுந்து பூச்சு உரிந்து, பச்சை பூத்த டயலை 'பழமையின் அழகு' என்று சொல்லி விற்றால் விலகிவிடுங்கள். அந்த ஈரம் மெஷினின் எஃகுப் பாகங்களையும் தொட்டிருக்கும்.

மெஷினுக்கு வருவோம். பாலத்தில் கேலிபர் எண்ணும் (மெஷின் வகையின் எண்) வரிசை எண்ணும் பொறித்திருக்கும். ஒமேகாவில் வரிசை எண் ஏறக்குறைய ஆண்டைச் சொல்லிவிடும்: 1.2 கோடியில் தொடங்கினால் 1950 வாக்கில், 1.4 கோடி என்றால் 1954, 1.7 கோடி என்றால் 1959-60, 2 கோடி என்றால் 1963. பின்மூடியின் உட்புறத்தில் கேஸ் எண் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. உதாரணமாக சீமாஸ்டர் என்ற ஒமேகா மாடலின் 2846 கேஸுக்குள் 501 போன்ற ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறும்) மெஷின் இருக்க வேண்டும். அங்கே சாவி கொடுக்கும் 267 இருந்தால் அது ஒட்டுப்போட்ட வாட்ச். 1949க்குப் பிறகு 30டி2 குடும்பத்துக்கு 260 முதல் 280களின் நடுப்பகுதிவரை எண்கள் வந்தன: 265, 266, 267 எல்லாம் சின்ன நொடிமுள் உள்ளவை, 283, 284, 285 நடு நொடிமுள் உள்ளவை.

ஜுவல் (அச்சுகளைத் தாங்கும் கல்) எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்க வேண்டாம். அமெரிக்காவில் 17 கல்லுக்கு மேல் போனால் இறக்குமதி வரி ஏறும். அதனால் ஒரே மெஷினை அந்த நாட்டுக்கு 17 கல்லிலும் மற்ற நாடுகளுக்கு 24 கல்லிலும் செய்தார்கள். ஒமேகாவின் ஆட்டோமேட்டிக் மெஷின்களான 550க்கும் 552க்கும் உள்ள முக்கிய வேறுபாடு அவ்வளவுதான். பாலத்தில் 'ஓ எக்ஸ் ஜி' என்ற மூன்றெழுத்து இருந்தால் அமெரிக்காவுக்குப் போன ஒமேகா. அவற்றில் பலவற்றுக்குக் கேஸ் அங்கேயே செய்தது, போலி என்று பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு வகையிலும் எது கெடும் என்று தெரிந்தால் பேரம் பேசுவது எளிது. சாவி கொடுக்கும் 30 மி.மீ. மெஷினில் கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழ்) இழுத்து நேரம் வைக்கும் இடத்தில் உள்ள ஸ்பிரிங் தகடு ஒடியும். அப்போது கிரவுன் இழுத்த நிலையில் நிற்காது. நடு நொடிமுள் உள்ள 283, 284இல் நொடிமுள் மறைமுகமாகச் சுழல்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்தால் முள் தத்தித் தத்திப் போகும், நேரம் சரியாகத்தான் காட்டும். இந்த அமைப்பைக் கழற்றும்போது மூன்றாம் சக்கரத்தின் நீண்ட அச்சில் இறுக்கமாக ஏறிய சின்னச் சக்கரத்தை அதற்கான இழுவைக் கருவியால் எடுக்க வேண்டும். திருப்புளியால் நெம்பினால் அச்சு ஒடியும். அனுபவம் இல்லாத கை தொட்ட வாட்ச்களில் அடிக்கடி காணும் சேதம் இது.

1943 முதல் 1950களின் நடுப்பகுதிவரை வந்த ஆட்டோமேட்டிக்குகள் 'பம்பர்' வகை. கனமான தகடு முழுவதும் சுற்றாமல் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மோதித் திரும்பும். கையில் கட்டினால் அந்த மெல்லிய தட்டு தெரியும், பலருக்கு அதுவே பிடித்துவிடும். மோதும் ஸ்பிரிங் தளர்ந்தால் உலோகச் சத்தம் கேட்கும். 1955இலிருந்து வந்த முழுச்சுற்று ரோட்டர்களில் கவனிக்க வேண்டியது அச்சுத் தேய்மானம். பின்மூடியைத் திறந்து ரோட்டரின் விளிம்பை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். மேலும் கீழும் ஆடினால், அல்லது மூடியின் உள்ளே வில் வடிவக் கீறல்கள் இருந்தால், ரோட்டரின் அச்சும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. 550 வரிசை ஒமேகாக்களில் இது சகஜம், சரிசெய்யவும் முடியும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

விற்பவரிடம் நிற்கும்போது இவ்வளவு செய்து பாருங்கள். நின்றுபோன வாட்சுக்குச் சாவி கொடுங்கள். கையால் ஆட்டாமலே சில சுற்றுகளில் ஓடத் தொடங்க வேண்டும். சாவி சீரான இறுக்கத்தோடு ஏறி, கைமெஷின் என்றால் ஓரிடத்தில் உறுதியாக நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் அப்படி நிற்காது, வழுக்கும். அது பழுதில்லை. முட்களைச் சுற்றும்போது மெல்லிய எதிர்ப்பு தெரிய வேண்டும். வெண்ணெயில் சுற்றுவதுபோல இருந்தால் கேனன் பினியன் (நிமிட முள் ஏறி நிற்கும் குழல்) தளர்ந்திருக்கிறது. மெஷின் ஒழுங்காக ஓடினாலும் முட்கள் பின்தங்கும். இது சின்ன வேலைதான்.

டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கருவி கணக்கிடுவதற்கு நாம் கொடுக்க வேண்டிய லிஃப்ட் கோணத்தை, 550 வரிசைக்கு 49 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 என்றோ, 550 வரிசைக்கு 19,800 என்றோ அடி எண்ணிக்கையைக் கருவி சரியாகப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கிய நிலையில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) 270 டிகிரிக்கு அருகில் இருந்தால் நல்ல நிலை. நிமிர்த்தி வைத்தால் 30, 40 டிகிரி குறைவது இயல்பு. 200க்குக் கீழே போனால் உடனே சர்வீஸ் தேவை. டயல் மேலே, டயல் கீழே என்ற இரண்டு நிலைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அச்சு நுனி ஒன்று தட்டையாகியிருக்கலாம். ஒரு நாளுக்கு 20 விநாடி முன்பின் ஓடுவது இந்த வயதுக்குக் குறையே இல்லை. திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. செல்பேசி ஸ்பீக்கர் அருகே வாட்சை வைக்காதீர்கள்.

'இப்போதுதான் சர்வீஸ் ஆச்சு' என்ற சொல்லை நம்பி விலை கொடுக்காதீர்கள். பெட்ரோலில் ஒரு முக்கு முக்கி, எங்கும் ஒரே எண்ணெய் விடுவதையும் சர்வீஸ் என்கிறார்கள். முறையான சர்வீஸ் என்றால் கடைசித் திருகுவரை கழற்றி, கழுவி, ஒவ்வோர் இடத்துக்கும் அதற்குரிய எண்ணெய் விடுவது. வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் கம்பெனி எண்ணெய் 9010, அழுத்தம் மிகுந்த மெதுவான அச்சுகளுக்கு டி5 அல்லது எச்பி1300, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் முள்கரண்டியின் பேலட் கற்களின் முகத்துக்கு 9415. ஆட்டோமேட்டிக் பேரலின் உட்சுவருக்கு 8217 போன்ற பிடிமானக் கிரீஸ் வேண்டும். சாதாரணக் கிரீஸ் போட்டால் ஸ்பிரிங் சீக்கிரமே வழுக்கி, இரவில் கழற்றி வைத்த வாட்ச் விடிவதற்குள் நின்றுவிடும். பேலட் முள்கரண்டியின் அச்சுக்கு எண்ணெயே விடக் கூடாது. உங்கள் மெக்கானிக்கிடம் இந்தக் கடைசி விஷயத்தைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அவர் கை எப்படி என்று தெரிந்துவிடும். தினசரி கட்டினால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃகு கேஸ் என்றால் லக் (வார் மாட்டும் கொம்பு) முனைகள் கூராக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டால் அவை சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும், பின்மூடியின் பொறிப்பும் மங்கும். கீறல் உள்ள கேஸை அப்படியே விடுங்கள். முலாம் கேஸ் லக் முனைகளில்தான் முதலில் தேயும். நம் வியர்வைக்கு அது தாங்காது, முதல் வாட்சுக்கு எஃகே நல்லது. 18 காரட் சுவிஸ் தங்கம் என்றால் உள்ளே ஹெல்வெட்டியா பெண் தலை முத்திரை, 14 காரட் என்றால் அணில். கண்ணாடி அக்ரிலிக். கீறலைப் பாலிஷ் பசையால் தேய்த்தே எடுக்கலாம். அசல் ஒமேகா கண்ணாடியின் நடுவே உள்பக்கம் லென்ஸில் மட்டும் தெரியும் மிகச் சின்ன ஒமேகா குறி இருக்கும்.

மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருந்தாலும் தண்ணீரில் இறங்க வேண்டாம். மூடிக்கு உள்ளே நீரைத் தடுக்கும் வளையம் எப்போதோ கல்லாகியிருக்கும். புது கேஸ்கட் போட்டாலும் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டுமே அது காப்பு.

ஒளிரும் டயல்களில் கொஞ்சம் எச்சரிக்கை. 1960களின் தொடக்கம்வரை ரேடியம் பூசினார்கள். அதன் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் செத்துவிடுவதால் இன்று ஒளிராது, கதிர்வீச்சு மட்டும் குறையாமல் இருக்கும். மூடிய வாட்சைக் கட்டுவது பற்றிப் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பூச்சைச் சுரண்டுவதும், உதிர்ந்த தூளை ஊதுவதும் கூடவே கூடாது, மூச்சில் போனால் உடலில் தங்கிவிடும். நீங்களே திறக்காதீர்கள். இப்படிப்பட்டவை பல இருந்தால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள், படுக்கையறைப் பெட்டியில் பூட்ட வேண்டாம். பிறகு வந்த டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டுதான். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால் அது டிரிட்டியம்.

எதை முதலில் வாங்கலாம்? என் தேர்வு: எஃகு கேஸ், 34 அல்லது 35 மி.மீ., 260 வரிசையில் சின்ன நொடிமுள் உள்ள, சாவி கொடுக்கும் ஒமேகா, ஒளிர்பூச்சு இல்லாத அசல் டயலோடு. மெஷின் எளிது, உதிரி கிடைக்கும், நல்ல மெக்கானிக் யாரும் தயங்காமல் தொடுவார். பிறகு ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பெனியின் 85 வரிசையைப் பாருங்கள். ஆல்பர்ட் பெல்லட்டன் வகுத்த, கொக்கி இழுத்துச் சாவி ஏற்றும் அமைப்பு அது, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறும். கொக்கி நுனிகள் தேய்ந்திருந்தால் மாற்றுவது செலவு பிடிக்கும், வாங்கும் முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனியின் துருவப் பாதைப் பயணங்களை ஒட்டி 1954இல் இளம் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த யூனிவர்சல் ஜெனீவ் போல்ரூட்டரும் அருமையான வாட்ச். ஆனால் அதன் மைக்ரோரோட்டர் (சின்ன ரோட்டர்) மெஷினுக்கு உதிரி தேடுவது சிரமம், அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் முதல் வேலையாக, சர்வீஸ் வரலாறு தெரியாத வாட்சை ஓட விடாதீர்கள். காய்ந்த எண்ணெய் தூசியோடு சேர்ந்து அரப்பொடிபோல அச்சுகளை அறுக்கும். நேராக மெக்கானிக்கிடம் கொடுத்து, கேஸைப் பாலிஷ் போட வேண்டாம், டயலைத் துடைக்கவே வேண்டாம், கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.